மாமியாரோடும் பிள்ளைகளோடும் தென் ஜெர்மனி

நங்கநல்லூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போனோம். மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் மூனிக்கில் ஒரே வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் போய்த் திரும்பினோம்; நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெட்டி தூக்கும் வேலையே இல்லை.

பயர்ன் டிக்கெட் என்பது மூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் சீட்டு. அது ஒன்றில் ஐந்து பேர் வரை நாள் முழுக்கப் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். அதிவேக ஐசிஇ ரயிலில் செல்லாது. எல்லோர் பெயரையும் அதில் எழுதிவிடுங்கள். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரம் வரைகூட இதே டிக்கெட் போதும்.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இங்கிருந்தே வாங்கிவிடுங்கள். மூனிக்கிலிருந்து கோட்டைக்கு அருகே உள்ள ஃபூசன் ஊர் வரை ரயிலில் சுமார் 2 மணி நேரம், பிறகு பஸ். அடிவாரத்திலிருந்து 40 நிமிட ஏற்றம். குதிரை வண்டி உண்டு, ஆனால் அது வாசல் வரை போகாது, கடைசி ஏற்றம் நடைதான். அத்தையைக் கைபிடித்து நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். மேலே பள்ளத்தாக்கைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. 1869-இல் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் கட்டத் தொடங்கிய கோட்டை அது. உள்ளே படம் எடுக்கக்கூடாது.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்குங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா வேண்டாம், பால் பொருளுக்கு அங்கே அனுமதியில்லை.