தோற்றுப்போன என்எஃப்எல் அணியை ஆஃப்சீசனில் மறுபடி கட்டுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு அணி சீசன் முழுக்க உதை வாங்கிவிட்டு ஜனவரியில் வீடு திரும்பினால், அதன் ரசிகர்களுக்கு உடனே ஒரு வேலை வந்துவிடும். அடுத்த வருட அணியைத் தாங்களே தாளில் போட்டுப் பார்ப்பார்கள். என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனாலும் இந்த விளையாட்டில் கலந்துகொள்ள ஆசை என்பவர்களுக்காக இது. ஒரு எக்செல் தாளும் ஓவர் தி கேப், ஸ்போட்ராக் மாதிரி ஒப்பந்த விவரம் தரும் தளங்களில் ஒன்றும் போதும்.

உதாரணத்துக்கு டெட்ராய்ட் லயன்ஸை எடுத்துக்கொள்வோம். 2020-ல் 5 வெற்றி, 11 தோல்வி. 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜராகவும் டான் கேம்ப்பெல் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தார்கள். 2024-ல் அதே அணி 15 வெற்றி, 2 தோல்வி. நடுவில் நடந்த வேலை ஏறக்குறைய எல்லாமே பொதுவெளியில் இருப்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கேஸ் கிடையாது.

ரசிகர்கள் போடும் திட்டங்களில் முக்கால்வாசி, "மார்ச்சில் யாரை வாங்கலாம்?" என்று ஆரம்பிக்கும். நான் அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட கடைசியில் வைப்பேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

படி 1: தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்

பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். அந்த மாதக் கடைசியை ஒட்டி இண்டியானாபொலிஸில் கல்லூரி வீரர்களை ஓடவிட்டுத் தாவவிட்டு அளக்கும் கம்பைன். மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை, நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்கு லீக்கின் புது வருடம் பிறக்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அப்போதுதான் வேறு அணியில் கையெழுத்துப் போட முடியும். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே பேச்சுவார்த்தைக்கு அனுமதி உண்டு என்பதால், பெரிய பெயர்கள் எல்லாம் திங்கட்கிழமையே விலை போயிருக்கும். ஏப்ரல் கடைசியில் அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், ஜூலை கடைசியில் பயிற்சி முகாம், ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும் நாள்.

படி 2: சம்பளக் கணக்கு

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். இது புரியாமல் மற்ற எதுவும் புரியாது.

ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு லீக் ஒரு உச்சவரம்பு வைக்கிறது. அதுதான் சாலரி கேப். 2021-ல் அது 18.25 கோடி டாலர். கொரோனாவால் வருமானம் விழுந்து, அதற்கு முந்தைய வருடத்தைவிடக் குறைந்துபோன தொகை அது. 2024-ல் 25.54 கோடி, 2025-ல் 27.92 கோடி. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் பர்ஸ் இருக்கிறதே, அது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே பழைய வருடத்தின் கடன் புது வருடப் பர்ஸிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கடனுக்குப் பெயர் டெட் மணி. ஒரு கற்பனை வீரரை வைத்துப் பார்ப்போம். ஐந்து வருட ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட அன்றே 5 கோடி போனஸ். பணம் கைக்குப் போய்விட்டது, ஆனால் கேப் கணக்கில் வருடத்துக்கு 1 கோடியாகப் பிரித்து எழுதலாம். இரண்டு வருடம் ஆடினார், சரியில்லை. மூன்றாம் வருடச் சம்பளம் 1.5 கோடி. வைத்துக்கொண்டால் அந்த வருடக் கணக்கில் அவருடைய எண் 2.5 கோடி. துரத்திவிட்டால்? மிச்சமிருக்கும் 3 கோடி போனஸும் ஒரே அடியாக இந்த வருடத்தில் விழும். அதாவது அவர் ஆடாமல் இருப்பதற்கு, ஆடுவதைவிட 50 லட்சம் டாலர் கூடுதல்!

தப்பிக்க ஒரு சந்து உண்டு. ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்குக் காட்டினால், இந்த வருடம் 1 கோடி, அடுத்த வருடம் 2 கோடி என்று உடைக்கலாம். முன்கூட்டியே மார்ச்சில் அனுப்பிவிட்டு இந்த முத்திரை குத்தும் சலுகை வருடத்துக்கு இரண்டு பேருக்குத்தான். மிச்சமாகும் பணமும் ஜூனில்தான் கைக்கு வரும், மார்ச் ஷாப்பிங்குக்கு உதவாது.

இப்போது உங்கள் தாளில் ஒவ்வொரு வீரர் பெயருக்கு எதிரிலும் மூன்று எண்கள் எழுதுங்கள்: வைத்துக்கொண்டால் எவ்வளவு, நீக்கினால் டெட் மணி எவ்வளவு, முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு. மூன்றாவது எண் பெரிதாகவும் ஆட்டம் சுமாராகவும் இருப்பவர்கள்தான் முதலில் போகவேண்டியவர்கள்.

டெட் மணியைப் பார்த்து ரொம்பவும் பயப்பட வேண்டாம். டென்வர் பிராங்கோஸ் 2024-ல் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தபோது இரண்டு வருடங்களில் மொத்தம் 8.5 கோடி டாலர் டெட் மணி சுமந்தது. போ நிக்ஸ் என்ற புது குவார்ட்டர்பேக்கோடு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) அதே வருடம் 10 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போனது. எப்படியும் தோற்கப்போகும் வருடத்தில் பழைய கடனை அடைப்பதுதான் உத்தமம்.

படி 3: யார் இருக்கணும், யார் போகணும்

53 இடங்களைத் தோராயமாக இப்படிப் பிரியுங்கள்: குவார்ட்டர்பேக் 2, ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 4, வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) 6, டைட் எண்ட் (பிடிக்கவும் தடுக்கவும் செய்பவர்) 3, அஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை; டாக்கிள், சென்டர் எல்லாம் இதில்தான்) 9, டிஃபென்ஸில் முன்வரிசை 10, லைன்பேக்கர் (அதற்குப் பின்னால் நிற்பவர்) 6, பின்வரிசை 10, உதைப்பவர்கள் உள்ளிட்ட ஸ்பெஷலிஸ்ட் 3.

பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இந்த அணி மறுபடி ஜெயிக்கத் தொடங்கும்போது, அதாவது இரண்டு மூன்று வருடம் கழித்து, இவர் நன்றாக ஆடிக்கொண்டிருப்பாரா? ரன்னிங் பேக்குகள் பெரும்பாலும் 28-ஐத் தாண்டினால் தேய ஆரம்பித்துவிடுவார்கள். லைன் ஆட்கள் 30-க்கு மேலும் தாக்குப் பிடிப்பார்கள். ஆகவே மோசமான அணியில் இருக்கும் அருமையான 29 வயது ரன்னிங் பேக்கை, யாராவது பிக் (டிராஃப்டில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்தால் விற்றுவிடலாம். கொடுமையாகத் தெரியலாம், என்ன செய்வது.

லயன்ஸ் எல்லாரையும் துரத்தவில்லை. லெஃப்ட் டாக்கிள் டெய்லர் டெக்கர் இருந்தார். சென்டர் ஃபிராங்க் ராக்னோவுக்கு 2021 மே மாதம் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்த ஏப்ரலில் 7-வது பிக்கில் பெனே சூவெல் என்ற இன்னொரு டாக்கிள். டச்டவுன் போடாத, சட்டை விற்காத ஆட்கள் இவர்கள். பின்னாடி வந்தவர்கள் எல்லாம் இவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பெயர் வாங்கினார்கள்.

படி 4: குவார்ட்டர்பேக் முடிவு

உங்கள் குவார்ட்டர்பேக் மூன்று வகையில் ஒன்றாக இருப்பார். இளம் வயது, நம்பிக்கை உண்டு: தொடாதீர்கள். யாருமே இல்லை: டிராஃப்டில் தேடுங்கள். நல்லவர், ஆனால் வயது ஏறுகிறது, உங்களோடு சேர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறார்: இதுதான் நெஞ்சை அறுக்கும் வகை.

மேத்யூ ஸ்டாஃபோர்டு 12 வருடம் டெட்ராய்ட்டில் ஆடியவர். அவரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, ஜாரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக், 2022 மற்றும் 2023-ன் முதல் சுற்று பிக்குகள், 2021-ன் மூன்றாம் சுற்று பிக் ஆகியவற்றை வாங்கினார்கள். முதல் வருடமே ஸ்டாஃபோர்டு ராம்ஸோடு சூப்பர் பௌல் ஜெயித்தார். லயன்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி, 1 டிரா. அன்றைக்கு எல்லாரும் லயன்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். 2024 ஜனவரியில் பிளேஆஃபில் இதே ராம்ஸை 24-23 என்று காஃப் தோற்கடித்தார். 1991 சீசனுக்குப் பிறகு லயன்ஸுக்கு அதுதான் முதல் பிளேஆஃப் வெற்றி.

இதற்கு நேரெதிரான கதை கரோலினா பாந்தர்ஸ். 2023-ல் பிரைஸ் யங்கை எடுப்பதற்காக முதல் பிக் வேண்டுமென்று சிகாகோவுக்கு 9-வது பிக், 61-வது பிக், 2024-ன் முதல் சுற்று, 2025-ன் இரண்டாம் சுற்று, அதோடு தங்கள் சிறந்த ரிசீவர் டிஜே மூரையும் கொடுத்தார்கள். பந்தை யாருக்கு எறிவது? அந்த வருடம் 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்த 2024 பிக் முதல் இடமாகவே மாறி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. குவார்ட்டர்பேக்குக்காக மேலே ஏறலாம், தப்பில்லை. ஆனால் சுற்றிலும் யாருமே இல்லாத வீட்டுக்கு அவரைக் கூட்டிவராதீர்கள்.

படி 5: மார்ச் மாதச் சந்தை

இப்போதுதான் கடைக்குப் போகிறோம். இங்கே புதியவர்களுக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து வெளியே போன உங்கள் வீரர்கள், நீங்கள் உள்ளே கொண்டுவந்தவர்களைவிட மதிப்பு மிகுந்தவர்களாக இருந்தால், லீக் அடுத்த வருட டிராஃப்டில் மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரைக்குள் ஈட்டுப் பிக் கொடுக்கும். ஒரு அணிக்கு அதிகபட்சம் நான்கு.

2021-ல் ரிசீவர் கென்னி காலடே லயன்ஸை விட்டு நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு 4 வருடம், 7.2 கோடி டாலருக்குப் போனார். அங்கே இரண்டே சீசன், ஒரே ஒரு டச்டவுன், அவ்வளவுதான். லயன்ஸுக்கு அவருக்குப் பதிலாக 2022-ல் 97-வது பிக் கிடைத்தது. அதில் எடுத்த கெர்பி ஜோசப் 2024-ல் 9 இன்டர்செப்ஷனோடு (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) லீக்கிலேயே முதலிடம். போனவரைத் தடுக்காததே ஒரு நல்ல முடிவாகிவிட்டது.

பழைய அணி நீக்கிய வீரரை நீங்கள் எடுத்தால் இந்தக் கணக்கில் அவர் சேரமாட்டார். டிராஃப்ட் முடிந்த பிறகு எடுப்பவர்களும் அப்படியே. ஆகவே கட்டியெழுப்பும் அணி சந்தை திறந்த முதல் வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நீக்கப்பட்டவர்களையும் மே மாதம் மிச்சம் இருப்பவர்களையும் பார்ப்பது நல்லது.

முழுக்க வெறுங்கையோடு இருக்கவும் முடியாது. ஒன்றிரண்டு வருட ஒப்பந்தத்தில், இளம் வீரர்களுக்கு முன்மாதிரியாக நிற்கக்கூடிய நடுத்தர விலை ஆட்களைப் பிடியுங்கள். கிரீன் பேயிலிருந்து லயன்ஸ் எடுத்த ஜமால் வில்லியம்ஸ் அப்படிப்பட்டவர். 2022-ல் 17 ரஷ்ஷிங் டச்டவுனோடு (பந்தோடு ஓடிப் போடுவது) லீக்கில் முதலாவதாக வந்தார்.

படி 6: டிராஃப்ட்

ஏழு சுற்று, மூன்று நாள். மோசமான அணிக்கு முன்னிடம். 2011 முதல் புதிய வீரர்களின் சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்துக் கிட்டத்தட்ட நிர்ணயமாகிவிடுகிறது. நான்கு வருடம் மலிவு, முதல் சுற்று ஆட்களுக்கு ஐந்தாவது வருட உரிமையும் அணியிடம். அதனால்தான் பிக் என்பது பணத்துக்குச் சமம்.

பிக்கை மாற்றிக்கொள்ளும்போது விலை எப்படித் தெரியும்? 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டல்லஸ் கௌபாய்ஸ் போட்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, அங்கிருந்து இறங்கும். பழையதுதான், மேல் பிக்குகளுக்கு மதிப்பு அதிகம் போடுகிறது என்று திட்டுபவர்களும் உண்டு. ஆனாலும் பழகுவதற்கு நல்லது. 2023-ல் ராம்ஸிடமிருந்து வந்த 6-வது பிக்கையும் தன் 81-வது பிக்கையும் லயன்ஸ் அரிசோனாவிடம் கொடுத்து, 12, 34, 168 ஆகிய மூன்றை வாங்கியது. அட்டவணைப்படி கொடுத்தது 1600 + 185 = 1785. வாங்கியது 1200 + 560 + சுமார் 24 = 1784. தராசில் நிறுத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? 12-ல் ரன்னிங் பேக் ஜமிர் கிப்ஸ், 34-ல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா. ஓட்டை நிறைய உள்ள அணிக்கு ஒரு பிக்கை இரண்டாக உடைப்பதுதான் பெரும்பாலும் சரி.

2022-ல் 2-வது பிக்கில் ஏய்டன் ஹட்சின்சனை லயன்ஸ் யோசிக்காமல் எடுத்தது, அப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் உடைக்கக் கூடாது. அதே நாள் இரவு 32, 34, 66 மூன்றையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து 12-க்கும் 46-க்கும் ஏறி, முழங்கால் தசைநார் கிழிந்திருந்த ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார்கள். அந்தப் பேரம் எனக்கு இன்றைக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை. 2024-ல் அவர் 1001 யார்டு எடுத்தார் என்பது உண்மைதான். அதுவரை காத்திருக்கவேண்டி வந்ததே!

மூன்றாம் நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள். அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021-ல் நான்காம் சுற்றில், 112-வது ஆளாக எடுக்கப்பட்டவர்.

படி 7: மே முதல் இலையுதிர் காலம் வரை

டிராஃப்டில் எடுபடாதவர்களுக்கு அன்றிரவே போன் பறக்கும். உங்கள் 90 பேர் பட்டியலை அவர்களைக் கொண்டு நிரப்புங்கள். ஆகஸ்ட் கடைசியில் எல்லா அணிகளும் 53-க்கு இறங்கும்போது, நான்கு வருட அனுபவம் இல்லாத வீரர்கள் வேய்வர்ஸ் என்ற வரிசைக்குப் போவார்கள். அதில் முதலில் கேட்கும் உரிமை, சீசனின் ஆரம்ப வாரங்கள் வரை, அந்த வருட டிராஃப்டின் வரிசைப்படிதான். தோற்ற அணிக்கு இது இரண்டாவது டிராஃப்ட் மாதிரி. பலமான அணிகளில் எந்த இடத்தில் ஆள் மிஞ்சும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்திருங்கள். அதன் பிறகு 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட்.

கடைசியாகத் தாளின் மூலையில், திட்டத்தை எத்தனை தோல்விவரை மாற்றமாட்டீர்கள் என்று ஒரு எண் எழுதுங்கள். அதைப் பெரிய எண்ணாகவே எழுதுங்கள். 2021-ல் லயன்ஸ் முதல் வெற்றியைப் பார்த்தது டிசம்பரில். 2022-ல் 1 வெற்றி, 5 தோல்வி என்றிருந்தபோது உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் செய்தியாளர்கள் முன் வந்து, ஹோம்ஸையும் கேம்ப்பெலையும் ஆதரித்துப் பேசினார். அடுத்த ஆட்டமும் தோல்வி. அந்த சீசன் 9 வெற்றி, 8 தோல்வியில் முடிந்தது.