பகலில் பல்லைக் கடிக்கும் பழக்கம்: தெரியாமல் நடப்பதைக் கையும் களவுமாகப் பிடித்த விதம்

கணினி முன்னால் உட்கார்ந்தாலே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும். மாலையில் காதோரம் வலிக்கும்போதுதான் தெரியவரும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, பற்கள் ஒன்றையொன்று தொடத் தேவையில்லை. உதடு மூடி, பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி: இதுதான் தாடையின் ஓய்வு நிலை.

நிறுத்துவதற்கு முன் கவனிக்கப் பழக வேண்டும். 1973இல் உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் வெளியிட்ட பழக்க மாற்று முறையிலும் (habit reversal) விழிப்புக்குத்தான் முதலிடம். திரையின் ஓரம், ஃப்ரிட்ஜ் கதவு, பைக் சாவி என 6 இடங்களில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் ஒரே கேள்வி: பல் தொடுகிறதா? தொட்டால், மூக்கால் மெதுவாக மூச்சை விட்டபடி தாடையைத் தளர்த்தி, ஒரு தாளில் கோடு போட்டு, அப்போது செய்த வேலையையும் பக்கத்தில் எழுதினேன். பாதிக்கு மேல் மின்னஞ்சலுக்குப் பதில் அடித்த நேரங்கள்!

நான்கைந்து நாளில் பொட்டு கண்ணுக்குப் பழகிவிடும், இடத்தை மாற்றுங்கள். தாடையை வலிந்து திறந்து வைக்காதீர்கள், தசை இன்னும் சோர்ந்துபோகும். முதல் வாரம் கோடுகள் கூடினால் பயப்பட வேண்டாம். கடிப்பது கூடவில்லை, கண்டுபிடிப்பது கூடுகிறது. தூக்கத்தில் கடிப்பவர்களுக்கு இது போதாது. பல் மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் அளவெடுத்து நைட் கார்டு (night guard, தூங்கும்போது பல்லில் மாட்டும் காப்புறை) செய்துகொள்ளுங்கள்.