முகம் தெரியாதவரிடம் ஜோக்கும் ஆறுதலும்: நாம் சறுக்கும் இடங்கள்

"ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. கம்ப்யூட்டரில் சொருகினால் தெரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?" என்று ஒருவர் ஆன்லைனில் கேட்டிருந்தார். அவருக்கு என்ன வயது, என்ன வேலை, எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் நல்ல மூடில் இருந்தேன். "ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க பாஸ், சூடு தணிஞ்சா கோபமும் தணிஞ்சிடும்" என்று தட்டிவிட்டேன். பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து பதில்: "வைத்தேன் சார். வெளியே எடுத்துச் சொருகினேன். இப்போது சத்தம்கூட வரவில்லை."

ஹார்ட் டிஸ்க்கைக் குளிர வைப்பது ஒரு காலத்தில் சிலர் கடைசி முயற்சியாகச் செய்து பார்த்த வேலைதான். அதனால்தான் என் ஜோக்குக்கு ஒரு நம்பகமான முகம் வந்துவிட்டது. ஆனால் குளிரிலிருந்து வெளியே எடுத்தால் ஈரம் படியும். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கிற முனைக்கும் நடுவில் இருப்பது நானோமீட்டர் கணக்கிலான இடைவெளி. அங்கே ஈரம் புகுந்தால் கதை முடிந்தது. அவர் டிஸ்க் ஏற்கெனவே செத்திருக்கலாம், என் ஜோக்கால் சாகாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த "சார்" என்னை ரொம்ப நாள் விடவில்லை.

அதற்கப்புறம்தான் மற்றவர்கள் எழுதுவதையும் நான் எழுதியதையும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ஜோக் அடிப்பதும் ஆறுதல் சொல்வதும் எதிரெதிர் வேலைகள் மாதிரி தெரியும். சொதப்பும்போது இரண்டும் ஒரே இடத்தில்தான் சொதப்புகின்றன. கேட்டவரை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக எழுதிவிடுகிறோம்.

ஜோக் என்று எல்லாருக்கும் தெரியும் என்கிற நம்பிக்கை

இந்தச் சிக்கல் இணையத்தைவிடப் பழசு. 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக் கணினிக்காரர்கள், லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பொருள்கள் என்ன ஆகும் என்று தங்கள் மின் அறிவிப்புப் பலகையில் விளையாட்டாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று எச்சரிக்கை பாணியில் ஒரு கிண்டலை எடுத்துவிட்டார். சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்றே நம்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, செப்டம்பர் 19 அன்று, ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனை சொன்னார்: ஜோக் என்றால் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம். நாம் இன்றைக்குப் போடும் ஸ்மைலிக்கு மூலம் அதுதான். அதாவது, ஜோக்கை ஜோக் என்று தெரிந்துகொள்ள முடியாமல் போனதால் பிறந்த சமாச்சாரம் அது.

2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. சில வாக்கியங்களை நக்கலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்ல வைத்து, எதிராளி கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துவிடும் என்பது சொன்னவர்களின் கணிப்பு. குரலில் சொன்னபோது கிட்டத்தட்ட அப்படித்தான், 73. மின்னஞ்சலில் எழுதியபோது 56. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாசித்தவர்களும் தாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம் என்று நினைத்தார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது. அது அவர் காதில் கேட்காது என்பது மட்டும் உறைப்பதில்லை.

ஸ்மைலி போட்டால் போதுமா? பாதிதான் உதவும். என்னிடம் இப்போது இருக்கும் விதி ஒன்றே ஒன்று: படிப்பவர் நம்பிச் செய்துவிடக்கூடிய எதையும் ஜோக்காகச் சொல்வதில்லை. மருந்து, மின்சாரம், பணம், அழிந்துபோன ஃபைல் இந்த நான்கிலும் முதலில் நிஜமான பதில், அதற்குக் கீழே வேண்டுமானால் கடி. "அதை இனி சொருகாதீங்க, டேட்டா ரிகவரி செய்பவரிடம் காட்டுங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் ஃப்ரீசருக்குப் போயிருந்தால் ஒரு பாவமும் இல்லை.

நக்கலாக எதிர்த்தரப்பு ஆள் மாதிரி நடித்து எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீவிரமான கருத்தைக் கிண்டல் செய்ய அதே பாணியில் எழுதினால், அறிகுறி எதுவும் இல்லாதபட்சத்தில் யாராவது ஒருவர் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டே தீருவார். 2005-இல் நேதன் போ என்பவர் ஒரு விவாதத்தில் இதைச் சொன்னார், 'போ விதி' என்றே பெயராகிவிட்டது. உங்கள் வரி ஸ்க்ரீன்ஷாட்டாகப் பயணம் போகும்போது அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை கூடப் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரிப்புக்கு நான்கு, அழுகைக்கு நான்கு

நம் பழைய இலக்கணம் சிரிப்பு வரும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றில் பேதைமைக்கு, கேட்டதை ஆராயாமல் மெய் என்று எடுத்துக்கொள்வது என்று உரை சொல்வதுண்டு. என் ஹார்ட் டிஸ்க் நண்பர் அச்சு அசலாக அங்கே நிற்கிறார். அவருடைய பேதைமையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை, அதை உண்டாக்கியவனே நான்தான். என் பேதைமையைச் சொல்லிச் சிரிக்கலாம். மூன்று மாதம் பேக்கப் எடுத்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் பார்த்தால் அதே டிஸ்க்கில்தான் பேக்கப்பும் இருந்தது. இதைச் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார், தான் மட்டும் முட்டாள் இல்லை என்று கொஞ்சம் மூச்சும் விட்டிருப்பார்.

நண்பர்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு எள்ளல்தான் கைக்கு முதலில் வரும். நண்பனைக் கலாய்த்தால் அதற்குப் பின்னால் பத்து வருடப் பழக்கம் நிற்கிறது. முன்பின் தெரியாதவரிடம் அந்தப் பத்து வருடம் இல்லை, வெறும் எள்ளல்தான் போய்ச் சேரும். தமிழில் இன்னொரு கண்ணியும் உண்டு. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!" என்பதும் "என்னடா பண்ணி வெச்சிருக்க!" என்பதும் ஒரே ஜோக் இல்லை. வினைமுற்றிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கும் மொழி இது. அவராக 'நீ'க்கு இறங்கி வரும்வரை நாம் இறங்கக்கூடாது. அதே சமயம் திடீரென்று "மேதை அவர்களே" என்று ஏற்றினாலும் அடிதான். மரியாதை கூடிப்போனால் இணையத்தில் அது நக்கல் என்றே பொருள்.

அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்ந்துபோவது, இல்லாமை. ஆறுதல் சொல்லும்போது நாம் செய்யும் பெரிய தவறு இந்த நான்கில் எது என்று பார்க்காமலே வாயைத் திறப்பது.

ஒருவர் எழுதுகிறார்: "ஐந்து சுற்று இண்டர்வியூ. கடைசியில் ஒரு வரி மெயில். எனக்குத்தான் தகுதி இல்லை போல." உடனே வரும் பதில்கள்: "கவலைப்படாதீங்க, இதைவிட நல்ல வேலை கிடைக்கும்", "எல்லாம் நல்லதுக்கே", "ரெஸ்யூமை அனுப்புங்க சகோ, பார்க்கிறேன்". எல்லாம் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவர் வேலை கிடைக்காததைப் பற்றிப் பேசவில்லை, தன்னை ஒரு வரியில் கழித்துவிட்டதைப் பற்றிப் பேசுகிறார். அது இளிவு. அதற்கு மருந்து: "ஐந்து சுற்று இழுத்தடித்துவிட்டு ஒரு வரியா? எரிச்சல் வரத்தான் செய்யும்." வேலை தேடும் யோசனையை நாளைக்குக்கூடச் சொல்லலாம், அதுவும் கேட்டால்.

இன்னொன்று. "14 வருடம் எங்களோடு இருந்த பூனை நேற்று போய்விட்டது" என்று ஒருவர் எழுத, கீழே முதல் பதில்: "எங்கள் நாய் போனபோது நான் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை." அதற்குக் கீழே நாயைப் பற்றி விசாரணை. பூனை காணாமல் போயிற்று. சார்ல்ஸ் டெர்பர் என்ற சமூகவியலாளர் 1979-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: ஒருவர் பேசும்போது நாம் தரும் பதில், பேச்சை நம் பக்கம் திருப்புவதாக இருக்கலாம், அல்லது அவரையே மேலே பேச விடுவதாக இருக்கலாம். "14 வருடமா! அதன் பெயர் என்ன?" என்பது இரண்டாவது வகை. நம் கதையைச் சொல்லவே கூடாது என்றில்லை. அரை வரியில் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பி வர வேண்டும். கேள்விக்குறி அவரைப் பார்த்து நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஒரு மரணச் செய்திக்குக் கீழே "கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை, என்னால் தாங்க முடியவில்லை" என்று எழுதுவோரும் உண்டு. கடைசியில் துக்க வீட்டுக்காரர் இவரைத் தேற்ற வேண்டியிருக்கும். சூசன் சில்க் என்ற உளவியலாளர் 2013-இல் இதற்கு ஒரு படம் வரைந்தார்: நடுவில் துன்பப்படுகிறவர், சுற்றிலும் வளையங்கள், நெருக்கமானவர்கள் உள்வளையத்தில். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும், புலம்பல் வெளிநோக்கி. முகம் தெரியாத நாம் கடைசி வளையம். நம் தூக்கமின்மையை நம் வீட்டில் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம்.

சில்லறைத் தவறுகள்

"எப்படி இறந்தார்?" என்று கேட்பது. அவர் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருப்பார். "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எல்லாருக்கும் ஒட்டுவது, அவர்களுக்கு ஆத்மாவில் நம்பிக்கை உண்டா என்று தெரியாமலே. "எப்ப வேணும்னாலும் மெசேஜ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த மெசேஜை நான்கு நாள் திறக்காமல் வைப்பது. இது சொல்லாமல் இருப்பதைவிடக் கொடுமை.

எமோஜியில் ஒரு விபத்து அடிக்கடி நடக்கிறது. கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்த அதே முகம், சின்னத் திரையில் அழுகிற முகம் மாதிரியே தெரியும். இரங்கல் செய்திக்குக் கீழே வரிசையாக மூன்று சிரிப்பு போட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இளவட்டங்களோ நேர்மாறாக, ஓவென்று அழும் முகத்தைச் சிரிப்புக்குப் போடுகிறார்கள். துக்கத்தில் எமோஜியை விட்டுவிட்டு எழுத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

சில்லறையில் சேராத ஒன்றும் உண்டு. "இனி இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி யாராவது எழுதினால் அங்கே ஜோக்கும் வேண்டாம், "வாழ்க்கை அழகானது" என்ற வசனமும் வேண்டாம். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவர் இருக்கும் நாட்டின் உதவி எண்ணைக் கொடுத்து, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பதில் வரும்வரை அங்கேயே இருங்கள்.

சொதப்பிய பிறகு

"சும்மா ஜாலிக்குத்தான் சொன்னேன்", "யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்". முதலாவது, அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று குற்றத்தை அவர் பக்கம் தள்ளுகிறது. இரண்டாவதில் அந்த 'இருந்தால்' புண் உண்டா இல்லையா என்று இன்னும் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறது. எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஓடுவதும் வேண்டாம், கீழே பதில் சொன்னவர்கள் எல்லாம் காற்றோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

நான் அந்த டிஸ்க்காரருக்கு எழுதியது இவ்வளவுதான்: "ஃப்ரீசர் என்றது ஜோக். ஜோக் என்று தெரியும்படி எழுதாதது என் தப்பு. மன்னிச்சிடுங்க. இனி மின்சாரம் கொடுக்காமல் ரிகவரி செய்பவரிடம் காட்டுங்கள்." ஏன் அப்படி எழுதினேன், அன்று என்ன மூடில் இருந்தேன் என்றெல்லாம் முதலில் ஒரு பத்தி இருந்தது. அனுப்பும் முன் வெட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே எழுதினார்: "டிஸ்க் போயே போச்சு சார். ஃப்ரீசரில் ஐஸுக்கு இடம் கிடைத்ததுதான் மிச்சம்." சிரித்துவிட்டேன். உடனே மேலே ஒன்று அடுக்கக் கை துறுதுறுத்தது, வரிகூடத் தயார். ஆனால் தன் இழப்பைத் தானே கிண்டல் செய்கிறவர் மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. டைப் செய்ததை அழித்துவிட்டு, "அதில் என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நீளமான பதில் வந்தது.