பிரெயில் டிஸ்ப்ளே மக்கர் செய்தால் செய்யக்கூடாதவை

கணினித் திரையில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிதான் பிரெயில் டிஸ்ப்ளே. அதில் புள்ளி எழவில்லை என்றதும் பலர் ஸ்கிரீன் ரீடரை (திரையில் உள்ளதைக் குரலாகவும் பிரெயிலாகவும் தரும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். அரை நாள் போகும், கோளாறு போகாது. கோளாறு கருவியிலா, இணைப்பிலா, ஸ்கிரீன் ரீடரிலா, எழுத்தைப் புள்ளியாக மாற்றும் அட்டவணையிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. டூல்ஸ் மெனுவில் உள்ள பிரெயில் வியூவர், கருவிக்கு அனுப்பப்படும் புள்ளிகளைத் திரையிலும் காட்டும். பார்வையுள்ள யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். திரையில் வரி சரியாக ஓடுகிறது, விரலுக்கடியில் ஒன்றுமில்லை என்றால் கோளாறு இணைப்பிலோ கருவியிலோ இருக்கிறது. திரையிலேயே தப்பென்றால் கருவி மேல் பழி போடாதீர்கள்.

இணைப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, கைக்குக் கிடைத்த போன் கேபிளை மாட்டுவது. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவல் போகாது. பேட்டரி ஏறுவதை வைத்து இணைப்பு சரி என்று நம்பிவிடுகிறோம். யூஎஸ்பி ஹப் இருந்தால் அதையும் விட்டுவிட்டு, கணினியிலேயே நேராக மாட்டிப் பாருங்கள்.

ஜாஸ், என்விடிஏ என்று இரண்டு ஸ்கிரீன் ரீடர்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது அடுத்த தவறு. முதலில் பிடித்தது கருவியை விடாது. ஒன்றை முழுதாக மூடுங்கள். விண்டோஸோடு வரும் ஸ்கிரீன் ரீடரான நரேட்டர் விஷயம் இன்னும் சிக்கல்: விண்டோஸ் 10இல் அதற்கான பிரெயில் வசதியை நிறுவினால் கருவியின் யூஎஸ்பி டிரைவரே மாறிவிடும். பிறகு மற்ற ஸ்கிரீன் ரீடர்களுக்குக் கருவி தெரியாது. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும்.

என்விடிஏ + கண்ட்ரோல் + ஏ அழுத்தினால் கருவிகளின் பட்டியல் வரும். ஆர்பிட் ரீடர் 20 என்ற பிரெயில் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் ஆங்கில 'ஓ' எழுத்தில் தேடி, இல்லையென்று விட்டுவிடுவதுண்டு. அது 'பாம்' என்று தொடங்கும் வரிசையில், ஹியூமன்வேர், ஏபிஎச் ஆகிய நிறுவனப் பெயர்களோடு சேர்ந்திருக்கிறது. கருவியின் யூஎஸ்பி அமைப்பில் எச்ஐடி, சீரியல் என்ற இணைப்பு முறைகளில் எச்ஐடிக்கு மாற்றி வைப்பது நல்லது; சீரியலில் வைத்தால் விண்டோஸ் 10க்கு முந்தைய கணினிகளில் வேலை செய்யாது.

புளூடூத்தில் இணைப்பவர்கள் சட்டைப்பையைப் பாருங்கள். முன்பு ஜோடி சேர்த்த போன் பக்கத்திலிருந்தால் கருவி அதனிடம் போய்விடும், கணினி தேடிக்கொண்டே இருக்கும். ஐபோனில் ஜோடி சேர்க்க, பொதுவான புளூடூத் பக்கத்துக்குப் போகாமல், அதன் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரின் அமைப்புக்குள் இருக்கும் பிரெயில் பக்கத்துக்குப் போங்கள்.

இணைப்பு சரி, குரல் வருகிறது, ஆனால் அம்புக்குறி விசையை அழுத்தினால் பிரெயில் வரி மட்டும் நகரவில்லையா? தெரியாமல் என்விடிஏ + கண்ட்ரோல் + டி அழுத்தியிருப்பீர்கள். பிரெயில், ஃபோகஸை (நீங்கள் வேலை செய்யும் இடத்தை) விட்டு ரிவ்யூ கர்சரோடு (திரையைத் தனியாகப் படித்துப் பார்க்க உதவும் கர்சரோடு) ஒட்டிக்கொண்டிருக்கும். 'தானியங்கி' என்று சொல்லும்வரை அதே விசைகளை மறுபடி அழுத்துங்கள். ஏதோ ஓர் அறிவிப்பு நகராமல் அப்படியே நின்றால், பிரெயில் அமைப்பில் செய்தி காட்டும் நேரத்தைப் பாருங்கள். 'எப்போதும் காட்டு' என்றிருந்தால் 4 விநாடிக்கு மாற்றுங்கள்.

தமிழில் படிப்பவர்களைக் குழப்புவது அட்டவணைதான். வெளியீட்டு அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், 'க' வரவேண்டிய இடத்தில் பேக்ஸ்லாஷ், எக்ஸ், 0பி95 என்று அந்த எழுத்தின் யூனிகோடு எண் வரும். 20 கட்டங்கள் (ஒரு கட்டம் என்பது ஒரு பிரெயில் குறிக்கான புள்ளிகளின் தொகுதி) உள்ள கருவியில் இரண்டு மூன்று எழுத்திலேயே வரி நிறைந்துவிடும். கருவி பழுது என்று நினைக்க வைப்பது இதுதான். தமிழ் அட்டவணைக்கு மாற்றி, நோட்பேடில் 'க' மட்டும் தட்டுங்கள்: 1, 3 புள்ளிகள் எழ வேண்டும். அடுத்து 'க்' தட்டுங்கள்: இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும், ஆகவே முதல் கட்டத்தில் 4ஆம் புள்ளி, அடுத்ததில் 1, 3. இதைப் பிழையென்று நினைத்து அட்டவணையை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

எந்த எழுத்து வந்தாலும் ஒரே கட்டத்தில் ஒரே புள்ளி மட்டும் எழவில்லை, அல்லது இறங்கவில்லை என்றால் அது கருவிக் கோளாறு. விரல் எண்ணெயும் தூசும் சேர்ந்து ஊசி சிக்கியிருக்கலாம். ஈரத்துணி, எண்ணெய், குண்டூசி எதுவும் வேண்டாம். கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்துணியால் லேசாகத் துடையுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், எத்தனையாவது கட்டம், எந்தப் புள்ளி என்று குறித்துக்கொண்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.