முதல் அல்ட்ராவுக்குக் குளிர்காலத்தில் தயாராவது எப்படி? ஹைலேண்ட் ஃபிளிங் 53 மைல்

மாரத்தான் தூரத்தைத் தாண்டிய ஓட்டப் பந்தயம்தான் அல்ட்ரா. அப்படி ஒன்று, ஸ்காட்லாந்தில் ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் ஹைலேண்ட் ஃபிளிங். 53 மைல், அதாவது 85 கிலோமீட்டர். கிளாஸ்கோவை ஒட்டியுள்ள மல்கையில் விடிகாலையில் கிளம்பி, லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையோரமாக வடக்கே போய், டிண்ட்ரம் கிராமத்தில் முடிகிறது. மொத்த ஏற்றம் சுமார் 2,300 மீட்டர். முடிக்க வேண்டிய கால வரம்பு (கட்-ஆஃப்) 15 மணி நேரம்.

ஒரு மாரத்தானோ சில அரை மாரத்தான்களோ ஓடியவர் நவம்பரில் தொடங்கினால் இதற்குத் தயாராகிவிட முடியும். ஆனால் பயிற்சிக்குக் கிடைக்கும் மாதங்கள் முழுக்க இருட்டும் மழையும் உறைபனியும்தான். அதனால் இந்த வழிமுறையில் வேகத்தைப் பற்றிய பேச்சு குறைவு. குளிரில் விடாமல் ஓடுவது, இடையில் வரும் சிறு பந்தயங்களை ஒத்திகையாகப் பயன்படுத்துவது, இந்த இரண்டும்தான் ஏப்ரலில் உங்களை டிண்ட்ரமில் கொண்டு சேர்க்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

படி 1: நாட்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

பந்தய நாளை முதலில் குறியுங்கள். அதற்கு முந்தைய மூன்று வாரம் ஓய்வை நோக்கிக் குறைத்துவரும் காலம். ஆறு வாரத்துக்கு முன்னால் பெரிய ஒத்திகைப் பந்தயம் ஒன்று. ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ சிறியது ஒன்று. மிச்சமுள்ள வாரங்களை, மூன்று வாரம் பயிற்சியைக் கூட்டுவது, நான்காவது வாரம் குறைப்பது என்று பிரியுங்கள். குறைக்கும் வாரத்தில் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்காவது குறையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அந்த வாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்

சேற்றிலும் பனியிலும் பத்து கிலோமீட்டர் ஓட, கோடையில் ஆகும் நேரத்தைவிட அதிகம் ஆகும். தூரத்தைத் துரத்தினால் வேகம் கூடும், காயம் வரும். வாரத்தில் நான்கு நாள் போதும்: இரண்டு நாள் 45 முதல் 60 நிமிடம், ஒரு நாள் மேட்டில் ஏறி இறங்குவது, வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். நவம்பரில் நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரம் என்றால், மார்ச் மாதத்தில் நாலரை, ஐந்து மணி நேரம் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் தொடக்கநிலையில் தேவையில்லை. பதிலாக, மாதம் ஒருமுறை சனிக்கிழமை மூன்று மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் ஓடுங்கள். களைத்த கால்களோடு மறுநாள் கிளம்பும் பழக்கம் அதில் வரும்.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். செங்குத்தான மேட்டில் நடங்கள். அல்ட்ராவில் எல்லாரும் நடக்கிறார்கள். 85 கிலோமீட்டரை 15 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 5.7 கிலோமீட்டர்தான் வருகிறது. வேகமாக நடக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சிதான், அதையும் அட்டவணையில் சேருங்கள்.

படி 3: இருட்டு, ஈரம், குளிர்

டிசம்பர் நடுவில் கிளாஸ்கோவில் சூரியன் எழ காலை 8.45 ஆகிவிடும், மாலை 3.45-க்குள் மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு வாரநாள் ஓட்டமெல்லாம் இருட்டில்தான். தலையில் கட்டும் நல்ல டார்ச் ஒன்றில் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஒளி மங்கலாக இருந்தால் கல் எது, நிழல் எது என்று தெரியாது.

பருத்திப் பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். ஓடும்போது குளிர் தெரியாது. கால் சுளுக்கி நடக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கும். அதனால் மலைப்பக்கம் போகும்போது பையில் காய்ந்த சட்டை ஒன்று, கையுறை ஒன்று கூடுதலாக, உடம்புச் சூட்டைக் காக்கும் மெல்லிய படலப் போர்வை (foil blanket), கைபேசி நான்கும் கட்டாயம். கைபேசியை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

முதுகுப் பையிலுள்ள தண்ணீர்ப் பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் குழாய் உறைந்துபோகும். குடித்து முடித்ததும் குழாயில் காற்றை ஊதித் தண்ணீரைத் தண்ணீர்ப் பைக்குள் திருப்பி அனுப்பிவிட்டால் அடைக்காது. விரல் மரத்துப்போனால் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது, வீட்டிலேயே ஓரத்தை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். சாலையில் கண்ணாடிபோல் உறைபனி படிந்த நாளில் வெளியே போகாதீர்கள். டிரெட்மில்லோ படிக்கட்டோ போதும். வழுக்கி விழுந்த மணிக்கட்டு ஆறு வாரத்தைத் தின்றுவிடும்.

நம் தோல்நிறக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை இலையுதிர், குளிர் காலங்களில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி எல்லாரும் யோசிக்கச் சொல்கிறது. தெற்காசியப் பின்னணி உள்ளவர்களை ஆண்டு முழுவதுமே யோசிக்கச் சொல்கிறது. எலும்பை நம்பி ஓடும் நாம் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: இறக்கத்துக்கான கால்

புதியவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். தொடையை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஓரிரு நாளில் வலி உச்சத்துக்குப் போகிறது. நல்ல செய்தி, ஒருமுறை பட்ட தசை அடுத்த முறை அதே வேலைக்குக் குறைவாகவே வலிக்கும். எனவே வாரம் ஒருமுறை மேட்டில் நடந்து ஏறி, சிறு அடிகளாக வைத்து இறங்குங்கள். வீட்டில் வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம்: படியில் ஒற்றைக்காலால் மெதுவாக இறங்குவது, ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது (lunge), குதிகால் உயர்த்துவது.

படி 5: ஒத்திகைப் பந்தயங்கள்

ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். நேரம் என்ன என்பது அந்தக் கேள்வியாக இருக்கக் கூடாது.

எளிதான தொடக்கம், வாராவாரம் பூங்காக்களில் நடக்கும் பொது ஓட்டமான பார்க்ரன். ஸ்காட்லாந்தில் சனிக்கிழமை காலை 9.30-க்குத் தொடங்கும், 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஓடி கிளாஸ்கோவின் பொல்லக் பூங்காவுக்குப் போய், கூட்டத்தோடு ஓடிவிட்டு, மறுபடி ஓடியே வீடு திரும்புங்கள். கேள்வி: மற்றவர்கள் பறக்கும்போது உங்கள் வேகத்தில் நிற்க முடிகிறதா?

ஜனவரி, பிப்ரவரியில் 20 முதல் 30 கிலோமீட்டர் வரையிலான மலைப்பாதை ஓட்டம் ஒன்று. கேள்வி: ஷூவும் ஜாக்கெட்டும் பையும் ஈரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன? உரசல் எங்கே வருகிறது, கால்விரல் எங்கே இடிக்கிறது என்று அன்றிரவே எழுதி வையுங்கள்.

பெரிய ஒத்திகைக்கு எனக்குப் பிடித்தது அபர்டீனின் டி33. மார்ச் மாதப் பந்தயம். 33 மைல், டூதி பூங்காவிலிருந்து பான்கரி போய்த் திரும்புவது. பெரும்பகுதி பழைய டீசைட் ரயில்பாதை என்பதால் ஏறக்குறைய தட்டை. ஏற்றமே இல்லாத இதை ஏன் மலைப் பந்தயத்துக்கு ஒத்திகையாக ஓட வேண்டும்? தட்டைப் பாதையில் நடப்பதற்குச் சாக்கு கிடைக்காது. அதே தசை மணிக்கணக்கில் அதே வேலையைச் செய்யும். பொறுமையும் வயிறும் சோதிக்கப்படுவது இங்கேதான். உங்கள் மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடங்கள்.

இங்கே கேள்வி உணவு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது தொடக்க இலக்கு. பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல்லை மட்டும் நம்பினால் நாலாவது மணியில் தித்திப்பு திகட்டும். உப்பிட்ட அவித்த உருளைக்கிழங்கு, எண்ணெய் குறைத்துப் பொடி தடவிய இட்லி, வாழைப்பழம் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். எதைச் சாப்பிட்டீர்கள், எந்த மணியில் குமட்டியது என்ற குறிப்புதான் ஏப்ரலில் உங்கள் உணவுப் பட்டியல்.

டி33 முடிந்து ஒரு வாரம் நடையும் லேசான ஓட்டமும் மட்டும். வலி போகாமல் நீண்ட ஓட்டம் கூடாது.

படி 6: பாதையைக் காலால் படியுங்கள்

கிளாஸ்கோவிலிருந்து மல்கைக்கு ரயில் உண்டு. அங்கிருந்து ஏரிக்கரைக் கிராமமான பால்மஹா வரை 19 மைல், கடைசியில் சுமார் 360 மீட்டர் உயரமுள்ள கானிக் ஹில்லின் தோளில் ஏறி, படிக்கட்டுகளில் இறங்க வேண்டும். முதல் பகுதி ஓட எளிது, அதனால்தான் பலர் இங்கே வேகமாக ஓடிச் சக்தியை வீணடிக்கிறார்கள்.

இன்னொரு நாள், அதே ஏரிக்கரையில் வடக்கே உள்ள இன்வர்ஸ்னெய்டிலிருந்து பெயின்கிளாஸ் பண்ணை வரை போய்ப் பாருங்கள். பாறையும் வேரும் ஈரமும் கலந்த இந்த ஏழு மைலில் கையை ஊன்றித் தாண்ட வேண்டிய இடங்கள் உண்டு. பந்தயத்தில் இது 34 மைலுக்குப் பிறகு வருகிறது. இங்கே ஓட முடியாததைப் பார்த்துப் பதறாமல் இருக்கவே இந்த முன்னோட்டம்.

படி 7: கடைசி மூன்று வாரம்

முதல் வாரம் வழக்கமான நேரத்தில் முக்கால்வாசி, அடுத்தது பாதி, கடைசி வாரம் இரண்டு மூன்று சிறு ஓட்டங்கள். பத்து நாளுக்கு முன்பே பளுப் பயிற்சியை நிறுத்துங்கள். புது ஷூ, புது உணவு எதுவும் வேண்டாம். டி33 குறிப்பைப் பார்த்து, பந்தயப் பாதையின் நடுவே உள்ள சோதனைச்சாவடிகளுக்கு முன்கூட்டியே அனுப்பும் உணவுப் பைகளை நிரப்புங்கள். இன்வர்ஸ்னெய்டு பையில் உப்புச் சுவையுள்ளது ஏதாவது இருக்கட்டும். டிண்ட்ரமிலிருந்து ரயில்கள் குறைவு, திரும்பும் ஏற்பாட்டை அந்த வாரமே செய்துவிடுங்கள்.