இருதண்டவாள எஞ்சினை மூன்று தண்டவாளத்தில் ஓட்டுவது எப்படி?

மாடல் ரயிலில் புதிதாக இறங்குபவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆசைப்பட்டு வாங்கிய எஞ்சின், ஏற்கெனவே போட்டிருக்கும் தண்டவாளத்தில் ஓடாது. இரண்டுமே எச்ஓ (HO, நிஜ ரயிலின் 87-இல் ஒரு பங்கு) அளவு, தண்டவாள அகலமும் அதே 16.5 மி.மீ. ஆனால் எஞ்சினுக்குள் கரண்ட் வந்து திரும்பும் வழி வேறு. அந்த வழி மட்டும் புரிந்துவிட்டால், ஸ்க்ரூடிரைவரும் சாலிடரிங் அயர்னும் பிடிக்கத் தெரிந்த யாரும் இந்த வேலையைச் செய்யலாம்.

முதலில் கரண்டின் பாதை

இருதண்டவாள முறையில் ஒரு தண்டவாளம் வழியாக வரும் கரண்ட் மற்றதன் வழியாகத் திரும்புகிறது. அதனால் இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் ஒன்றோடொன்று மின் தொடர்பு இல்லாமல் இன்சுலேட் செய்யப்பட்டிருக்கும்.

ஜெர்மனியின் மாடல் ரயில் நிறுவனமான மார்க்ளினின் மூன்று தண்டவாள முறையில் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே முனை. மற்ற முனை நடுவில் இருக்கிறது. 1935-இல் தொடங்கியபோது நடுவில் முழுத் தண்டவாளமே இருந்தது. 1950-களில் அது ஸ்லீப்பர்களில் தலைகாட்டும் சின்ன உலோகப் புள்ளிகளாக மாறியது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் நீளமான ஸ்லைடர் அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போகும். பாதை வளைந்து வந்து தன்னோடே சேர்ந்தாலும் இந்த முறையில் ஷார்ட் ஆகாது. பலர் இதை விட்டு வர மறுப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஆக, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதென்றால், பிரிந்திருக்கும் இரு பக்கங்களைச் சேர்த்துவிட்டு ஒரு ஸ்லைடரை மாட்ட வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவதென்றால், ஒன்றாக இருக்கும் உலோகத்தைப் பிரிக்க வேண்டும். முதலாவது சுலபம், இரண்டாவது கஷ்டம். புதியவர்கள் முதலாவதில்தான் கை வைக்க வேண்டும். எஞ்சினில் டிசிசி டிகோடர் இருப்பதாக வைத்துக்கொண்டே கீழே சொல்கிறேன். டிசிசி (DCC) என்பது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை; அதைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்னச் சாதனம்தான் டிகோடர்.

படி 1: மல்டிமீட்டரால் சோதியுங்கள்

எஞ்சினைத் திறந்து, டிகோடரைக் கழற்றி வையுங்கள். மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, மோட்டாரின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சக்கரங்களோடும் உலோக அடிச்சட்டத்தோடும் தொட்டுப் பாருங்கள். எங்கும் பீப் வரக் கூடாது. வந்தால் அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துத் துண்டித்த பிறகுதான் அடுத்த வேலை. இல்லையென்றால் டிகோடர் போய்விடும்.

படி 2: ஸ்லைடருக்கு இடம் பாருங்கள்

அடிப்பகுதி பிளாஸ்டிக்காக இருக்கும் போகியோ (எஞ்சினுக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்), நீராவி எஞ்சின் என்றால் டெண்டரோ (பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) நல்ல இடம். ஸ்லைடர் அச்சையோ சக்கரத்தையோ எந்த நிலையிலும் தொடக் கூடாது. கையால் அழுத்தி மேலே தள்ளியும் பாருங்கள். பாயிண்டுகளில், அதாவது தடம் பிரியும் இடங்களில், ஸ்லைடர் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியிருப்பதால், அங்கே புள்ளிகள் தண்டவாளத்தைவிட உயர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்லைடர் மேலே போக இடம் வேண்டும். இடம் போதவில்லை என்றால் நீளம் குறைந்த ஸ்லைடரைத் தேடுங்கள்.

படி 3: ஸ்லைடரை மாட்டுங்கள்

வயரை ஸ்லைடரில் முதலில் சாலிடர் செய்துவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். மாட்டிய பிறகு சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகும். வயர் மெல்லியதாக, நன்றாக வளைவதாக இருக்கட்டும். போகி இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்வும் வேண்டும்.

இனி ஸ்ப்ரிங்கின் அழுத்தம். இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை வேண்டியது இங்கேதான். அழுத்தம் குறைந்தால் எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். கூடினால் ஸ்லைடரே எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கும். இழுவை குறைந்து, வளைவில் தடம் புரளும். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் தாராளமாக உள்ளே போனால் அந்தச் சக்கரம் தூக்கியிருக்கிறது. ஸ்லைடரின் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, எல்லாச் சக்கரமும் காகிதத்தைப் பிடிக்கும் வரை சரி செய்யுங்கள்.

படி 4: வயர்களை மாற்றுங்கள்

டிசிசி வழக்கப்படி டிகோடரின் சிவப்பு வயர் வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடது தண்டவாளத்துக்கு. வலப்பக்கச் சக்கரங்களிலிருந்து எஞ்சினின் சர்க்யூட் போர்டுக்கு வரும் வயரைக் கழற்றி, இடப்பக்க வயரோடு சேர்த்து, கறுப்புக்கான இடத்தில் சாலிடர் செய்யுங்கள். காலியான சிவப்பு இடத்தில் ஸ்லைடரின் வயர். இணைப்புகளின் மேல் ஷ்ரிங்க் டியூப் போட மறக்காதீர்கள்.

மார்க்ளின் டிகோடர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ஸ்லைடருக்குச் சிவப்பு, சக்கரங்களுக்குப் பழுப்பு. மற்ற நிறங்களும் வேறு பொருளில் வரும், ஆகவே டிசிசி அட்டவணையைப் பார்த்து இணைக்க வேண்டாம்.

படி 5: சக்கரங்கள்

மார்க்ளினின் சி வகைத் தண்டவாளத்தில் (பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வருவது) பழைய சக்கரங்களே பெரும்பாலும் ஓடிவிடும். பாயிண்டுகளில் துள்ளினால், ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். இருதண்டவாளச் சக்கரங்களில் அது 14.3 மி.மீ. அளவில் இருக்கும், மார்க்ளினில் 14 மி.மீ. அளவில். இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தாலே பல எஞ்சின்களில் சரியாகிவிடும். ரயில் வந்திருப்பதை ஒரு பக்கத் தண்டவாளத்தின் மூலம் கண்டறியும் அமைப்பு உங்களிடம் இருந்தால் மட்டும், சில அச்சுகளையாவது இன்சுலேஷன் இல்லாதவையாக மாற்ற வேண்டும்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

கரண்ட் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை மீட்டர். கரண்ட் எடுக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் இடையே பீப் வர வேண்டும். இன்சுலேட் செய்த பழைய சக்கரங்களானாலும் இப்போது வயர் அவற்றைச் சேர்த்திருக்கிறது. ஸ்லைடருக்கும் சக்கரத்துக்கும் இடையே வரக் கூடாது. சரியாக இருந்தால் டிகோடரை மாட்டி, புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைத்த துண்டு) வைத்து அதன் முகவரியை, அதாவது எஞ்சினை அழைக்கும் எண்ணை, படியுங்கள். படிக்க முடிந்தால் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் இந்த எஞ்சினை வைக்காதீர்கள். ஓடுவதற்கு 16 வோல்ட் தரும் அது, திசை மாற்ற 24 வோல்ட் அடிக்கும். அதைத் தாங்காத டிகோடர்கள் உண்டு.

எதிர்த்திசையில் என்ன சிக்கல்?

மூன்று தண்டவாள எஞ்சினை இரண்டுக்கு மாற்றும்போது ஸ்லைடரைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் சக்கரமும் அச்சும் முழு உலோகம் என்பதால், இரு தண்டவாளங்களின் மேல் வைத்த உடனே ஷார்ட். வெறுமனே உருளும் சக்கரங்களுக்கு இன்சுலேட் செய்த ஜோடி வாங்கிப் போடலாம். பல்சக்கரத்தோடு சேர்ந்த இயங்கு சக்கரங்கள்தான் தொல்லை. சக்கரத்தின் விளிம்பும் ஆழமானது என்பதால், உயரம் குறைந்த தண்டவாளத்தில் பிடிப்புகள் மேல் தட்டிக்கொண்டே போகும்.

பழைய எஞ்சின்களின் மோட்டாரில் காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் இருக்கும். டிசி கரண்டின் முனைகளை மாற்றினாலும் அது திசை மாறாது. சுருளை எடுத்துவிட்டு நிரந்தரக் காந்தம் வைக்க வேண்டும். மார்க்ளினின் பழைய டிஜிட்டல் முறையான மோட்டரோலா மட்டுமே தெரிந்த டிகோடர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் டிசிசி அதற்குப் புரியாது.

எனவே மார்க்ளின் எஞ்சின் ஒன்றைப் பிரிக்கும் முன், அதே மாடல் மார்க்ளினின் இன்னொரு பிராண்டான ட்ரிக்ஸ் பெயரில் இருதண்டவாளத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதன் சக்கரங்கள் உதிரிபாகமாகக் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். கிடைத்தால் வேலையில் பாதி குறையும். கிடைக்காவிட்டால், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு அந்த ட்ரிக்ஸ் எஞ்சினையே வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.