மிதவை மேடையை அலைத்தொட்டியில் சோதிப்பது எப்படி?

மேடையின் சிறிய மாதிரியை, செயற்கையாக அலை எழுப்பும் தொட்டியில் இறக்கியதும் எல்லோருக்கும் உடனே அலையைக் கிளப்பிப் பார்க்க ஆசை. என்னிடம் வரும் மாணவர்களை நான் விடுவதில்லை. முதலில் அளவுவிகிதம். 1:64 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரூட் விதிப்படி (அலையில் நடக்கும் அசைவை மாதிரிக்கும் நிஜத்துக்கும் இடையே மாற்றும் விதி) நீளம் 64 மடங்கு சுருங்கினால் நேரம் அதன் வர்க்கமூலமான 8 மடங்குதான் சுருங்கும். கடலில் அலைநேரம் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் நேரம்) 12 விநாடி என்றால் தொட்டியில் 1.5 விநாடி; 6.4 மீட்டர் உயர அலை தொட்டியில் 10 சென்டிமீட்டர். மொத்த எடை சரியாக வந்தால் மட்டும் போதாது, ஈர்ப்பு மையமும் உரிய உயரத்தில் இருக்கவேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு வரும் எண்கள் எல்லாம் குப்பை.

அப்புறம், அசையாத நீரில் மாதிரியைக் கையால் மெல்ல அழுத்தி விட்டுவிடுங்கள். அது ஆடி அடங்குவதைப் பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு உச்சிகளுக்கு இடைப்பட்டது இயல்பு அலைவு நேரம். உச்சிகள் தேயும் வேகம் தணிப்பை, அதாவது ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை, காட்டும். என்னைக் கேட்டால், சோதனையில் பாதி இதுதான். அரைமூழ்கி மேடைகளின் (அடிப்பகுதி நீருக்குள் மூழ்கியபடி மிதப்பவை) மேல்கீழ் அசைவுக்கு இந்த நேரம், நிஜ அளவில், சுமார் 20 விநாடிக்கு மேல் இருக்கும்படி வடிவமைப்பது வழக்கம். பெரும்பாலான அலைகளின் ஆற்றல் அதைவிடக் குறைந்த அலைநேரங்களில்தான் இருக்கிறது. அலைநேரமும் இயல்பு நேரமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிவிடும்.

சரி, இனி அலை. ஒவ்வொரு அலைநேரத்துக்கும் அசைவின் வீச்சை அலையின் வீச்சால் வகுத்து வரைபடமாக்குங்கள். இயல்பு நேரத்துக்கு அருகே புள்ளிகளை நெருக்கி எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் நீர் முழுக்க அடங்கட்டும், அதுவரை டீ குடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பாகுத்தன்மையின் (நீரின் உள் உராய்வு) விளைவு ஃப்ரூட் விதிக்கு அடங்காது. மாதிரியில் கிடைத்த தணிப்பை அப்படியே நிஜ மேடைக்கு ஏற்றிவிடாதீர்கள்.